துடக்கோடு பார்த்த கோட்டைகள்

ஐரோப்பாவின் பெரிய தேவாலயங்களில் பலவற்றின் வாசற்படிகளை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் தெரியாது. கோட்டைகள் என்றால் கேளுங்கள், சொல்லுவேன். எந்தக் கோட்டையில் கிணறு ஆழம், எதில் கைதிகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள், எதன் சமையலறையில் முழு மாட்டையே வாட்டினார்கள் என்பதெல்லாம் இன்றும் நினைவில் இருக்கிறது. கோட்டைக்குள் போக என் கணவர் ஒருநாளும் தடை சொல்லவில்லை. கோயில் என்றால் மட்டும் மனிதர் வாசலில் மரமாக நின்றுவிடுவார்.

காரணத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒளித்து வைத்துக் கடைசியில் சொல்கிற வித்தையில் எனக்கு வெறுப்பு. ஐரோப்பா பார்க்க நாங்கள் ஏறிய சுற்றுலா பஸ் லண்டனிலிருந்து புறப்படுவதற்கு முந்தின மாலை, யாழ்ப்பாணத்தில் என் அப்பா செத்துப்போனார். சாவு வீட்டாருக்குத் துடக்கு, அதாவது தீட்டு, கோயிலுக்குள் போகக்கூடாது. செய்தி என் கணவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. அப்பா உயிரோடு இருக்கிறார் என்று நம்பிக்கொண்டு நான் நாடு நாடாகப் போனேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. மெல்பேர்னில் ஸ்பிரிங்வேலுக்குப் பக்கத்தில் வாடகைக்கு ஒரு செங்கல் வீட்டில் இருந்தோம். கணவர் அரசாங்க அலுவலகமொன்றில் பொறியியலாளர். ஊரில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த நான் அங்கே ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினேன். பிள்ளைகள் இல்லை. தமிழ்ச் சனம் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். ஒரு வீட்டில் கருவேப்பிலை வந்தால் அது எல்லா வீட்டுக் குசினிக்கும் பங்கு போகும். இன்றைக்கு எல்லோரும் ஓடுகிற கேரம் டவுன்ஸ் கோயில் அப்போது இல்லை. அந்தப் பக்கம் போனால் மாடு மேய்வதைத்தான் பார்க்கலாம்.

கோயில் இல்லாத ஊரில் கிடைத்த சாமியைக் கும்பிட வேண்டியதுதானே. எங்கள் தெரு முனையில் ஒரு கத்தோலிக்கத் தேவாலயம் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்து வரும் வழியில் உள்ளே போய் ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வருவேன். இது எங்களுக்குப் புதிதில்லை. ஊரிலும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்த கையோடு அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துகிற சனம்தான் நாங்கள். தேவாலயத்தில் இருந்த பாதிரியார் என் பொட்டைப் பார்ப்பார், சிரிப்பார், ஒன்றும் கேட்கமாட்டார்.

ஐரோப்பா பார்க்க வேண்டுமென்பது கணவரின் ஆசை. லண்டனில் அவருடைய தமையன் குடும்பமாக இருந்தார். அங்கே போய் இறங்கி, பஸ் சுற்றுலாவில் பெல்ஜியம், ஜெர்மனி, ஆஸ்திரியா எல்லாம் பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் கொழும்பில் இறங்கி ஊருக்குப் போவதாக ஏற்பாடு. எல்லாம் பதிவு செய்து முடித்த பிறகு அண்ணாவிடமிருந்து செய்தி வந்தது. அப்பாவுக்குப் பாரிசவாதம், வலது பக்கம் இழுத்துவிட்டது, பேச்சும் குழறுகிறது.

"போகேக்கையே கொழும்பில இறங்குவம்" என்றேன். "அப்பாவைப் பாத்திட்டுப் பிறகு லண்டனுக்குப் போவம்."

"ரிக்கெற் அப்பிடி இல்லையப்பா. திரும்பேக்கைதான் இறங்கலாம். மாத்த வெளிக்கிட்டால் பஸ்ஸைத் தவறவிட்டிடுவம்."

"பஸ் போனால் போகட்டும்."

"நீர் ஏன் இப்பவே செத்தவீடு கொண்டாடுறீர்? நாங்கள் போய்ச் சேர முதல் அவர் எழும்பி நடப்பார், பாரும்."

இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். மூன்றாம் நாள் மனம் இறங்கிவிட்டது. மனம் இறங்கியதற்காக இன்றுவரை என்னோடு எனக்குக் கோபமில்லை. அப்பா பிழைப்பார் என்று நானும் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் ஒரு நேர்த்தியும் வைத்தேன். போகிற வழியில் எத்தனை பெரிய தேவாலயம் உண்டோ அத்தனையிலும் அப்பாவுக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்துவதாக வேண்டிக்கொண்டேன். அந்த நேர்த்தியைக் கணவரிடமும் சொன்னேன். "நல்லது, கொளுத்தும்" என்று அப்போது சொன்ன மனிதர்தான் அவர்.

லண்டனில் தமையன் வீட்டில் நின்ற கடைசி மாலை, நான் மேல்மாடியில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். கீழே வாசல்மணி அடித்தது. தந்தி. தமையன் வாங்கிப் படித்துவிட்டுத் தம்பியைப் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே நடந்ததைப் பல காலத்துக்குப் பிறகு தமையனின் மனைவிதான் எனக்குச் சொன்னார். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"இவளுக்கு இப்ப சொல்லி என்ன பிரயோசனம்?" என்று தமையன் கேட்டாராம். "நாளைக்குப் பிளேன் எடுத்தாலும் போய்ச் சேர முதல் எரிச்சுப்போடுவாங்கள். வழியில நிக்கிற ஆளுக்குச் சாவு சொல்லக்கூடாது எண்டு பெரியாக்கள் சும்மாவே சொன்னவை? ஊரில போய் அறியட்டும்."

என் கணவர் கொடியில் காய்ந்த உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்தாராம். அதுதான் சம்மதம்.

எங்கள் சனத்துக்குச் சாவை ஒளிப்பது ஒரு கலை. பரீட்சை எழுதுகிற பிள்ளைக்குச் சொல்லமாட்டார்கள், பிள்ளைத்தாய்ச்சிக்குச் சொல்லமாட்டார்கள், வழிப்பயணத்தில் நிற்கிறவருக்குச் சொல்லமாட்டார்கள். ஊர் முழுக்க அறிந்த செய்தியைச் சொந்தப் பிள்ளை மட்டும் அறியாமல் சிரித்துக்கொண்டு திரியும். இதை அன்பு என்கிறார்கள். எனக்குக் கிடைத்த அன்பு வேறு யாருக்கும் கிடைக்கக் கூடாது.

அடுத்தநாள் காலை அக்கா வழக்கத்துக்கு மாறாக முட்டையும் பொரிக்கவில்லை, மீன் குழம்பும் சூடாக்கவில்லை. பிட்டும் கிழங்குக் கறியும் வைத்தார்.

"தலையில வாத்துக்கொண்டு போ, தங்கச்சி. இனி எங்கை தலை முழுகப்போறாய்?" என்றார்.

முதல்நாள்தான் தலை முழுகியிருந்தேன். இருந்தும் சொன்னதைத் தட்டவில்லை. அக்கா வெளியே நின்று, "முழுக்க ஊத்து, முழுக்க ஊத்து" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். என் அப்பாவின் சாவுக்கு என்னைக் குளிக்கவார்த்தார்கள். நான் உள்ளே ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டு குளித்தேன்.

பஸ்ஸில் பாதிக்கு மேல் அவுஸ்திரேலியர்கள், ஓய்வுபெற்ற தம்பதிகள். ஜீலோங் பக்கத்திலிருந்து வந்த ஒரு விதவை அம்மா எங்களுக்கு முன் இருக்கையில் இருந்தார். என் சேலையைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். முதல் ஊர் புரூஜ். கால்வாய், கற்பாலம், மணிக்கூண்டு, பக்கத்தில் வானத்தைக் குத்துகிற கோபுரத்தோடு ஒரு தேவாலயம். நான் கைப்பையிலிருந்து சில்லறையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். கணவர் குறுக்கே வந்து நின்றார்.

"வேண்டாம்."

"ஏன்?"

"உள்ளுக்கு ஏதோ பூசை நடக்குது போல. நாங்கள் போய்க் குழப்பக்கூடாது."

எங்களோடு வந்தவர்கள் எல்லோரும் கமராவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். சரி, ஒரு கோயில்தானே என்று விட்டேன். அடுத்த ஊரில் அவருக்குக் கால் நோவு. அதற்கடுத்த ஊரில், சப்பாத்தோடு கோயிலுக்குள் போவது தனக்குப் பிடிக்கவில்லை என்றார். மெல்பேர்னில் இத்தனை வருடமும் சப்பாத்தோடு போய் வந்தவள் நான். அப்போதெல்லாம் பிடித்திருந்ததா என்று கேட்டேன். வாயில் கொழுக்கட்டை அடைத்த மாதிரி நின்றார்.

சாப்பாட்டிலும் அப்படித்தான். மெல்பேர்னில் யார் வீட்டு பார்பிக்யூ என்றாலும் முதல் ஆளாகத் தட்டை நீட்டுகிறவர், இங்கே இருவருக்குமாக, "நோ மீட், நோ ஃபிஷ்" என்று சொல்லிவிடுவார். ஜெர்மனியில் மரக்கறி என்றால் அவித்த உருளைக்கிழங்கும் புளித்த கோவா இலையும்தான். நான் பசியில் எரிந்து விழுந்தேன்.

"லண்டன் தண்ணி குடிச்சு ஐயராப் போயிட்டியளோ? உங்களுக்கு வேண்டாமெண்டால் விடுங்கோ. எனக்கு ஒரு கோழித் துண்டு சொல்லுங்கோ."

"கொஞ்ச நாளைக்கு மச்சம் வேண்டாமப்பா. கொப்பாவுக்காக எண்டு நினைச்சுக்கொள்ளும்."

அப்பாவுக்காக என்றதும் நான் அடங்கிவிட்டேன். நேர்த்திக்காக விரதம் இருக்கிறார், நல்ல மனிதர் என்றுகூட நினைத்தேன்.

கொலோனில் பொறுமை கடந்துவிட்டது. அந்தத் தேவாலயத்தைப் படத்தில் பார்த்தவர்கள் உண்டு. நேரில் நின்று அண்ணாந்தால் கழுத்து சுளுக்கும். கரிபிடித்த கறுப்புக் கல். இதற்குள் கொளுத்தாத மெழுகுதிரியை வேறு எங்கே கொளுத்துவது? நான் விறுவிறென்று படியேறினேன். அவர் ஓடிவந்து என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். தெருவில் வைத்து என் மேல் கை பட்டது அதுதான் முதல்தடவை.

"விடுங்கோ! எல்லாரும் பாக்கினம்."

"நீர் உள்ளுக்குப் போகக்கூடாது."

"இது என்ர நேர்த்தி. உங்கட இல்லை. அங்கை அப்பா வாய் பேச ஏலாமல் கிடக்கிறார், நீங்கள் இஞ்சை நிண்டு எனக்குச் சட்டம் சொல்லுறியள். அப்பாவுக்கு ஏதும் ஒண்டு நடந்ததெண்டால் நீங்கள்தான் பொறுப்பு. கேட்டுதோ? உங்களாலதான் நடந்ததெண்டு சாகும்வரைக்கும் சொல்லுவன்."

அவர் கையை விட்டார். முகம் சாம்பல் பூத்திருந்தது. அந்த முகத்தைக் குற்றவுணர்ச்சி என்று எடுத்துக்கொண்டேன். மேலே போயிருக்கலாம்தான். ஆனால் புருசன் வேண்டாமென்று சொன்ன நேர்த்தியைச் சாமி ஏற்குமா என்று எனக்கே ஒரு பயம் வந்துவிட்டது. திரும்பி இறங்கினேன். அன்றைக்கு ரைன் நதியில் படகில் போனோம். இரண்டு கரையிலும் மலைக்கு மலை கோட்டை. வழிகாட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை சொன்னார், எல்லாம் துரோகமும் கொலையும். நான் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு கணவரின் முகத்தைப் பார்க்காமல் நின்றேன்.

படம் எடுக்கிற விஷயமும் எனக்கு எரிச்சல். புதிதாக ஒரு கமரா வாங்கி, ஸ்லைட் பிலிம் சுருள்களும் கொண்டுவந்திருந்தார். கோட்டை, பாலம், மணிக்கூண்டு எல்லாம் எடுப்பார். நான் போய் முன்னால் நின்றால் கமராவைக் கீழே இறக்கிவிடுவார்.

"கட்டடத்தை மறைக்காதேயும்" என்பார்.

ஹைடல்பர்க்குக்குப் போனபோது மட்டும் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. மெல்பேர்ன்காரருக்கு ஹைடல்பர்க் ஒரு ரயில் நிலையம். இங்கே மலைமேல் இடிந்த அரண்மனை ஒன்று, சுவர் மட்டும் நிற்க, ஜன்னல்களுக்குப் பின்னால் வெறும் வானம். யார் யாரோ படையெடுத்து எரித்தார்களாம், மிச்சத்துக்கு இடி விழுந்ததாம். பிறகு யாரும் முழுதாகக் கட்டவில்லை. அங்கே கடையில் படத் தபாலட்டைகள் வாங்கினேன். ஒவ்வொரு ஊரிலும் அப்பாவுக்கு ஒன்று எழுதுவது வழக்கமாகியிருந்தது. கொழும்புக்கு அப்பால் எங்கேயும் போகாத மனிதர் அப்பா. படமாவது பார்க்கட்டும் என்று எழுதினேன். கணவர் வாங்கி முத்திரை ஒட்டித் தபாலில் போடுவார். போட்டார் என்பது பிறகு தெரிந்தது. செத்தவருக்குப் போகிற தபாலை ஒவ்வொன்றாக, நாக்கால் நனைத்து முத்திரை ஒட்டிப் போட்டார்.

பவேரியாவில் ஒரு சின்ன ஊரில் தங்கிய காலை. எழும்பிப் பார்த்தால் கணவர் குளித்து முடித்து, ஜன்னல் விளிம்பில் ஏதோ வைத்துக்கொண்டிருந்தார். கீழே சாப்பாட்டு அறையிலிருந்து கொண்டுவந்த பாண் துண்டு, அவித்த முட்டை, ஒரு கோப்பையில் கோப்பி. கோப்பிக்குள் சீனிக்கட்டிகளைப் போட்டுக் கலக்கினார்.

"என்ன இது?"

"காகத்துக்கு."

"முட்டையும் கோப்பியுமோ? இஞ்சத்தைக் காகம் சீனி போட்டுத்தான் குடிக்குமோ?" என்று சிரித்தேன்.

அப்பா கோப்பிக்கு அப்படித்தான் சீனி அள்ளிப் போடுவார். அவித்த முட்டை இல்லாமல் அவருக்கு விடியாது. அது என் மூளைக்கு எட்டவில்லை. செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைக்கிற எட்டு அன்று. ஊரில் அண்ணா வாழையிலை போட்டுப் படைத்த அதே நாளில், மருமகன் ஒரு ஹோட்டல் ஜன்னலில் படைத்தார். காகம் வரவில்லை. இரண்டு புறாக்கள் வந்து பாணைக் கொத்திவிட்டுப் போயின. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அன்று மத்தியானம் ஒரு கோட்டைக்குப் போனோம். பெரிய பெயர் பெற்ற கோட்டை இல்லை. மலைமேல், தூறல் மழைக்குள், கம்பளிப் போர்வை மாதிரி மேகம் மூடிக்கிடந்தது. வழிகாட்டி முன்னால் போக, ஆயுதச்சாலை, சாப்பாட்டு மண்டபம், சிறைக்கிடங்கு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தோம். சிறைக்கிடங்கில் தலை சுற்றுகிறது என்று கணவர் முற்றத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். அடுத்த கதவைத் திறந்தால், உள்ளே ஒரு சின்ன ஜெபக்கூடம். ஊர்ச்சனம் இன்னும் வந்து கும்பிடுகிற இடம் போலிருந்தது. மாதா சிலைக்கு முன்னால் மெழுகுதிரிகள் எரிந்துகொண்டிருந்தன.

கோட்டைக்குள் கோயில் இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. நான் உண்டியலில் காசைப் போட்டு ஒரு மெழுகுதிரியை எடுத்து, பக்கத்தில் எரிந்ததில் பற்றவைத்தேன். 'இத்தனை நாள் விட்டுப்போன எல்லாக் கோயிலுக்கும் சேர்த்து இந்த ஒன்றை எடுத்துக்கொள், தாயே. அப்பாவின் வலது கையை அசையவை. நான் போய்ப் பார்க்கும்வரை உயிரை நிறுத்திவை' என்று கும்பிட்டேன். சுடர் ஆடாமல் நின்றது. அது நல்ல சகுனம் என்று எனக்குத் தோன்றியது. நெஞ்சில் இருந்த பாறாங்கல்லை யாரோ தூக்கி இறக்கிவிட்ட மாதிரி இருந்தது.

முற்றத்துக்குச் சிரித்துக்கொண்டே வந்தேன். விதவை அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்றைக்குத்தான் நீ அழகாக இருக்கிறாய், இரண்டு பேரும் சேர்ந்து ஒரு படம்கூட இல்லையே" என்று சொல்லிக் கணவரின் கையிலிருந்த கமராவைப் பறித்துக்கொண்டார். அவர் மறுத்துப் பார்த்தார், முடியவில்லை. கோட்டை வாசலில் குடையின் கீழ் இருவரும் நின்றோம். நான் கமராவைப் பார்த்தபடியே தமிழில் சொன்னேன்.

"கொளுத்திப்போட்டன்! உங்களுக்குத் தெரியாமல் அப்பாவுக்குக் கொளுத்திப்போட்டன். இனி அவருக்கு ஒண்டும் வராது."

அப்போதுதான் படம் எடுபட்டது.

அதற்குப் பிறகு நான் அவரோடு சண்டை பிடிக்கவில்லை. சால்ஸ்பர்க்கில் மலைக்கோட்டை, வியன்னாவில் அரண்மனை என்று பார்த்த இடமெல்லாம் எனக்குப் பிடித்திருந்தது. அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். களைப்பு என்று விட்டுவிட்டேன்.

கட்டுநாயக்காவில் விமானம் இறங்கியது. கூட்டத்துக்குள் அண்ணாவைத் தேடினேன், காணவில்லை. ஒரு மனிதர் கையை ஆட்டினார். மொட்டைத்தலை, அதில் மயிர் குத்திட்டு முளைத்திருந்தது. கிட்டப் போனபிறகுதான் அது அண்ணா என்று தெரிந்தது. தகப்பனுக்குக் கொள்ளி வைத்த மூத்த மகனின் தலை. யாரும் எனக்கு ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"எப்ப?" என்று கேட்டேன்.

அண்ணா குழம்பிப்போய் என் கணவரைப் பார்த்தார். "நீங்கள் லண்டனில நிக்கேக்கை. ஏன், அத்தானுக்குத் தந்தி அடிச்சனே?"

நான் திரும்பிப் பார்த்தேன். கணவர் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் நேராக அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்கிய பெட்டியையே எடுத்து மறுபடி அடுக்கினார்.

எனக்கு அழுகை வரவில்லை. யாழ்ப்பாணம் போகும்வரை வரும் வரும் என்று பார்த்தேன். வீட்டு வாசல் படலையைக் கண்டதும் வரும் என்று நினைத்தேன். அம்மா ஓடிவந்து கட்டிப்பிடித்து, "உன்ரை பேரைத்தானே மோனை கடைசியாச் சொன்னவர்" என்று குளறினார். ஊர்ப் பெண்கள் தலைவிரிகோலமாக வந்து என்னைச் சுற்றி இருந்து ஒப்பாரி வைத்தார்கள். என் பங்குக்காகக் காத்திருந்தார்கள். நான் கட்டையாக இருந்தேன். கண்ணுக்குள் கோட்டைகள்தான் வந்தன. அப்பாவின் படத்துக்கு முன்னால் விளக்கோடு, நான் அனுப்பிய தபாலட்டைகளையும் வரிசையாக வைத்திருந்தார்கள். புரூஜ், ரைன், ஹைடல்பர்க். பின்னால், 'அப்பா, உங்களுக்குக் கை சுகமானதும் இதைப் பிடித்து வாசிக்க வேண்டும்' என்று என் கையெழுத்து.

"வெளிநாட்டுக்குப் போனால் நெஞ்சும் கல்லாப் போகும் போல" என்று யாரோ குசினிக்குள் சொன்னது காதில் விழுந்தது. அவர்களைக் குறை சொல்லமாட்டேன்.

கீரிமலையில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்ய வந்த ஐயரிடம், அண்ணா என் விஷயத்தைச் சொன்னார். நான் அறியாமல் இருந்த நாட்களுக்கு ஏதும் பரிகாரம் உண்டா என்று கேட்டார். என் கணவர் பக்கத்தில்தான் நின்றார். துடக்குக் காத்த கதையை அப்போதுதான் முதல்முறையாக வாய் திறந்து சொன்னார். மச்சம் கொடுக்கவில்லை, கோயிலுக்குள் விடவில்லை, ஒரே ஒருமுறை மட்டும் தவறிவிட்டது என்றார். மாணவன் வாத்தியாரிடம் ஒப்புவிப்பது போலச் சொன்னார்.

ஐயர் தலையைச் சொறிந்தார். "அந்தப் பிள்ளைக்கு என்ன துடக்கு? அது கேள்விப்படேல்லையே. கேட்ட நேரம் தொட்டுத்தானே துடக்கு. கேட்டது நீர். கோயிலுக்குள்ள போகக்கூடாதது நீர். அதை ஏன் மறிச்சனீர்?"

கடல் இரைந்துகொண்டிருந்தது. எத்தனை வாசற்படி! அத்தனையிலும் துடக்குக்காரர் அவர், சுத்தமாக நின்றவள் நான். சாஸ்திரத்தைக் காப்பாற்றப் போய் அதையும் பிழையாகக் காப்பாற்றியிருக்கிறார். அந்த இடத்தில் அவரைக் கடலில் தள்ளிவிடலாம் என்ற அளவுக்கு எனக்குக் கோபம் வந்தது. அப்போதும் கண் காய்ந்துதான் கிடந்தது.

மெல்பேர்னுக்குத் திரும்பினோம். பிஸ்கட் பெட்டிகள் என்னைக் காத்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு தமிழ் வீடாக வந்து துக்கம் விசாரித்தார்கள். எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது. லண்டன் அக்கா உடனே எழுதிவிட்டாராம். நான் கோட்டை பார்த்துக்கொண்டு திரிகிறேன் என்பதை ஸ்பிரிங்வேல் முதல் டான்டினோங் வரைக்கும் அறிந்து, ஐயோ பாவம் என்று சொல்லியிருக்கிறார்கள். கணவரோடு நான் தேவைக்கு மேல் பேசுவதை விட்டேன். சாப்பாடு வைப்பேன், உடுப்புத் தோய்ப்பேன். தெரு முனைத் தேவாலயத்துக்கு அதற்குப் பிறகு போகவில்லை.

பிலிம் சுருள்களைக் கழுவக் கொடுத்து வாங்கி வந்து, பிரிக்காமல் அலுமாரிக்குள் போட்டார். ஆண்டுத்திவசம் முடியட்டும் என்றார். திவசம் முடிந்தது. அந்தக் காலத்தில் வெளிநாடு போய்வந்தவர் வீட்டில் ஸ்லைட் காட்டுவது மெல்பேர்னில் ஒரு சடங்கு, வெள்ளைக்காரரிடமிருந்து எங்கள் ஆட்களும் பிடித்துக்கொண்டார்கள். "எப்ப அங்கிள் ஐரோப்பாவைக் காட்டப்போறியள்?" என்று பிள்ளைகளும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் வரச்சொன்னோம். திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, சுவரில் வெள்ளைப் போர்வை கட்டி, அலுவலக நண்பரிடம் இரவல் வாங்கிய புரொஜெக்டரை வைத்தார். நான் வடை சுட்டேன். கதிரைகள் போதாமல் சனம் நிலத்தில் இருந்தது.

புரூஜ் வந்தது. கொலோன் படி வந்தது. ரைன் வந்தது. கணவர் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொன்னார். வெறும் கல்லும் தண்ணீரும்.

"அன்ரி எங்கை? அன்ரி போகேல்லையோ?" என்று ஒரு பிள்ளை கேட்டது. தாய் அதன் வாயைப் பொத்தினாள்.

நான் குசினி வாசலில் தட்டோடு நின்றேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த நாட்களில் நான் சிரிக்கிற படம் ஒன்றுகூட உலகத்தில் இருக்கக்கூடாது என்பதற்காகத்தான் அவர் கமராவை இறக்கியிருக்கிறார்.

அடுத்த ஸ்லைட் விழுந்தது. கோட்டை வாசல். குடை. போர்வை முழுக்க நான், பல் அத்தனையும் தெரிய, கலியாணப் படத்தில்கூட இல்லாத சிரிப்பு. பக்கத்தில் அவர். அவர் கமராவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கிறார். வாய் கோணிப்போய், கண்ணிலிருந்து தண்ணீர் தாடைவரை ஓடுகிறது. சின்னப் பிள்ளை அழுகிற மாதிரி அழுகிறார். பக்கத்தில் தோள் உரச நின்ற நான் அதைப் பார்க்கவேயில்லை.

கணவரின் கை புரொஜெக்டர் மேல் அப்படியே நின்றது.

"வெயில் கண்ணுக்குள்ள அடிச்சிருக்கு போல" என்றார் ஒரு அங்கிள், நல்ல மனதோடு.

படத்தில் மழை பெய்துகொண்டிருந்தது.

தட்டைக் கீழே வைத்துவிட்டுக் குசினிக்குள் போனேன். இப்போதாவது வரும் என்று நினைத்து, குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். வரவில்லை. எனக்காகத் தலை முழுகவைத்தார்கள், எனக்காக மச்சம் விட்டார், எனக்காக ஜன்னலில் எட்டுப் படைத்தார், எனக்காக அழுதும் முடித்துவிட்டார். என் அப்பாவின் சாவில் எனக்கென்று அவர் விட்டுவைத்தது அந்தச் சிரிப்பு ஒன்றைத்தான்.